ரபீகாவின் மூக்கும் நூற்றுக்குப் பதினொன்றும்

அத்தியாயம் 9

போன வாரம் ரபீகாவின் வீட்டில் வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிய நிலையில் நின்றோம். அந்த வட்டிலப்பத்துக்குக் காரணம் ஒரு தாள். பேராதனைக் கம்பஸில் ஒரு குழு, மூக்குக்குள் வளரும் சதை எந்த ரகம் என்பதை ஒப்பரேஷனுக்கு முன்பே கம்பியூட்டரைக் கொண்டு கணித்துச் சொல்லப் பார்க்கிறது. ரபீகாவின் சதை திரும்பத் திரும்ப வளரும் பிடிவாத ரகமாக இருப்பதற்கு நூற்றுக்குப் பதினொன்றுதான் வாய்ப்பு என்று அது சொல்லியிருந்தது. வியாழக்கிழமை வெட்டி எடுத்தால் மூக்கு வருத்தம் முடிந்தது என்று வீட்டார் அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள்.

ரபீகா யார் என்று இந்த வாரம்தான் கேட்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அக்குறணையில் கலியாணச் சமையல் எடுத்துச் செய்கிறவள். வயது ஐம்பத்தொன்று. கணவன் மௌத்தாகி ஆறு வருடம். ஆண்களே சோற்றுக் கிடாரத்துக்கு முன்னால் நிற்கும் ஊரில், "ரபீகா ராத்தா எண்டைக்குச் சும்மா ஈக்கிறா" என்று விசாரித்துவிட்டுத் திகதி குறிக்கும் குடும்பங்கள் உண்டு. அப்பேர்ப்பட்டவளுக்கு மூன்று வருடமாக வாசம் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஒப்பரேஷன் நடந்தது. பதினான்கே மாதத்தில் சதை மறுபடி வளர்ந்து மூக்கை அடைத்தது.

அவளுடைய ஒரே மகள் இன்ஷிரா அந்தக் கம்பஸ் குழுவில்தான் வேலை செய்கிறாள். அடுத்த மாதம் பதினான்காம் திகதி அவளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை ஸைத், ஒரு மருந்துக் கம்பனியின் பிரதிநிதி. கலியாணச் சமையல் யார் கையால் என்று கேட்கவே வேண்டாம்.

செவ்வாய்க்கிழமைக் காலைக்கு வருவோம்.

நல்ல செய்தி வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளத் தெரியாத பிறவிகள் சில உண்டு. இன்ஷிரா அந்த வகை. வீட்டில் எல்லோரும் இரண்டாம் தரம் வட்டிலப்பம் கேட்டபோது இவள் மட்டும் கரண்டியைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள். இப்போது கம்பஸ் அறையில் உம்மாவின் சீ.டி. ஸ்கேன் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காற்று இருக்கும் இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். அடைத்த இடம் சாம்பல். உம்மாவுக்கு இரண்டு கண்களுக்கும் நடுவிலுள்ள சின்னச் சின்ன அறைகள் முழுவதும் சாம்பலாக இருந்தன. கன்னத்து அறைகளில் ஓரளவு கறுப்பு மிச்சம் இருந்தது. முந்நூற்று நாற்பது நோயாளிகளின் படங்களை அவள் பார்த்திருக்கிறாள். கண்ணுக்கு நடுவே இப்படி அடைத்தவர்களில் பெரும்பாலானோர் பிடிவாத ரகம். அவர்களின் சதையை ஒப்பரேஷனுக்குப் பிறகு நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் இயோசினோபில் என்ற வெள்ளை இரத்தக் கலங்கள் நிறைந்து கிடக்கும். மூக்குக்குள் அகலமாகத் திறந்து, பிறகு மாதக்கணக்கில் மருந்து ஊற்றிக் கழுவி, விடாமல் கவனிக்க வேண்டிய ஆட்கள் அவர்கள். மற்ற ரகத்துக்கு அவ்வளவு தேவையில்லை. எந்த ரகம் என்று கத்தி வைப்பதற்கு முன்பே டொக்டருக்குத் தெரிந்தால் நல்லது. அதற்காகத்தான் இந்த மெஷின் லேர்னிங் வேலை எல்லாம்.

"கணேஸ், இங்க கொஞ்சம் வாங்க. இந்த எரநூத்திப் பதினாலப் பாருங்க."

கணேஸ் பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இதே குழுவில் வேலை செய்பவன். கதிரையைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான். ஆய்வில் யாருக்கும் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும்தான். ஆனால் இருநூற்றிப் பதினான்கு யாரென்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பத்து நாளைக்கு முன் இன்ஷிரா அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து வைத்தபோது முகத்தில் அவ்வளவு பெருமை.

"பதினொண்ணு வந்துருக்கே. நல்லதுதானே அக்கா?"

"படத்தப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அவன் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "படத்துக்கும் நம்பருக்கும் ஒத்து வரலயே."

"அதத்தான் நானும் கேக்குற. எது இத இழுத்துக் கீழ போட்டிச்சு?"

"ஒண்ணொண்ணா மறைச்சுப் பாப்போம்."

மறைத்துப் பார்ப்பது என்றால், ஒரு தகவலை மட்டும் கம்பியூட்டருக்குக் காட்டாமல் விட்டு, மிச்சத்தை வைத்து மறுபடி கணிக்கச் சொல்வது. வயதை மறைத்தார்கள். பன்னிரண்டு. பழைய ஒப்பரேஷனை மறைத்தார்கள். ஒன்பது. இரத்த அறிக்கையில் இருந்த இயோசினோபில் எண்ணிக்கையை மறைத்தார்கள்.

எண்பத்தாறு.

அந்த ஒற்றை எண்ணிக்கை பதினொன்றை எண்பத்தாறாக்கிவிட்டது. இன்ஷிராவுக்குப் பயத்தோடு கூடவே ஒரு ஆர்வமும் தலைதூக்கியது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

பையிலிருந்து போன வருடத்து அறிக்கையை எடுத்தாள். அதில் இயோசினோபில் நூற்றுக்கு ஒன்பது வீதம். இந்த மாதம் எடுத்ததில் அரை வீதம்.

"லேப்ல மாறியிருக்குமோ?" என்றான் கணேஸ்.

இன்ஷிரா இரத்தப் பரிசோதனை செய்த இடத்துக்கு அழைத்தாள். அங்கிருந்த பெண் பொறுமையாகத் தேடிப் பார்த்தாள். பெயர் சரி, அடையாள அட்டை இலக்கம் சரி, சந்தேகத்தில் அதே இரத்தத்தை இரண்டாம் தரமும் பார்த்திருக்கிறார்கள், அதே அரை வீதம் என்றாள்.

"அப்ப ரத்தமும் சரி, மெஷினும் சரி," என்றான் கணேஸ். "இந்த மாதிரி ரத்தம் உள்ள ஆளுக்குப் பதினொண்ணுதான் வரும். எங்க மாமாவுக்கு ஆஸ்துமா கூடி வார்டுல வச்சிருந்தப்ப பிரட்னிசொலோன் மாத்திரை குடுத்தாங்க. ஸ்டீரொயிட். அப்ப எடுத்த ரிப்போட்லயும் இதே மாதிரி இயோசினோபில் காணாமப் போயிருந்துச்சு."

"உம்மா குளிசை ஒண்டும் எடுக்கல்ல. சீனி வருத்தத்துக்கு மட்டும்தான். படிவத்தில கேட்டீக்கே, கடைசி நாலு கிழமைக்குள்ள வேற மருந்து எடுத்தீங்களா எண்டு. இல்ல எண்டு போட்டீக்கி."

"யாரு போட்டது?"

"நான்தான். உம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க ஏலாதே. உம்மாவோட வார வழியில பஸ்ஸில வெச்சு நெரப்பின."

"அம்மாகிட்ட கேட்டுட்டுத்தானே?"

இன்ஷிரா படிவத்தின் இருபத்திரண்டு கேள்விகளில் இருபத்தொன்றைக் கேட்டிருந்தாள். அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிடுகிறோம், உம்மா என்ன விழுங்குகிறாள் என்று எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. மற்ற நோயாளிகளிடம் அதே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டு உறுதி செய்கிறவள், சொந்த உம்மா என்றதும் தானே பதிலும் எழுதிவிட்டாள்.

பிறகு அவளுக்கு மின்ஹாவின் கலியாணம் ஞாபகத்துக்கு வந்தது.

மின்ஹா, ரபீகாவின் தம்பி நிஸாமின் மகள். மூன்று கிழமைக்கு முன்னால் நடந்த கலியாணம். ஐந்நூறு பேர், ஒரு சஹன் தட்டுக்கு ஆறு பேராக உட்கார்ந்து சாப்பிட்ட விருந்து. அன்று காலையில் ரபீகா மண்டபத்தின் பின்பக்கம் நுழையும்போதே, கிடாரத்துக்கு மூன்று முழம் தள்ளி நின்று, "கறாம்பு கூடிட்டு" என்றாள். கிண்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். துஆ கபூலாகிவிட்டது, அல்லாஹ் ஏற்றுக்கொண்டான் என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். இன்ஷிராவும் அழுதாள். எப்படி வாசம் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஸ்டீரொயிட் சதையைச் சுருக்கினால் வாசம் திரும்பும் என்று தெரிந்த ஆராய்ச்சிக்காரி ஒருத்தி வீட்டில் இருந்தும் கேட்கவில்லை.

"நான் ஊருக்குப் போறன்," என்று பையை எடுத்தாள்.

வாசலில், ரபீகாவை இப்போதே மாமி என்று கூப்பிடும் ஸைத்தின் அழைப்பு வந்தது. "மாமி சொன்னா ரிசல்ட் நல்லமெண்டு. இனி வியாழக்கிழமத் திகதி மாறாதுதானே?"

"மாறாதெண்டு நெனைக்கிறன்," என்றாள். வேறு ஒன்றும் சொல்ல அப்போது மனம் வரவில்லை.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ் வழக்கம்போல் நின்று நின்று நகர்ந்தது. அக்குறணையில் இறங்கும்போது பகல் லுஹர் தொழுகை முடிந்து கடைகள் மறுபடி திறந்துகொண்டிருந்தன. நிஸாமின் பாமசியில் கூட்டம் இல்லை.

இந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தாலும், முதல் கேள்வி "நிஸாமிட்டக் கேட்டீங்களா?" என்பதுதான். கேட்டு, அவன் தருவதை விழுங்கி, அதற்கும் அடங்காவிட்டால்தான் டொக்டர். இருபது வருடமாக அப்படி. யாரும் செத்துவிடவில்லை என்று நிஸாமே பெருமையாகச் சொல்வான்.

"வா மகள். பிளேன்டீ ஊத்தச் சொல்லவா?"

இன்ஷிரா உட்காரவில்லை. பஸ்ஸிலேயே கேள்வியைச் சரிசெய்துகொண்டு வந்திருந்தாள். குடுத்தீங்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல இடமிருக்கிறது.

"மாமா, மின்ஹாட கலியாணத்துக்கு உம்மாவுக்கு எத்தின குளிசை குடுத்தீங்க?"

நிஸாம் மேசைமேல் கிடந்த பற்பசைப் பெட்டிகளை ஒழுங்காக அடுக்கினான். அவை ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

"ஆரு சொன்ன?"

"ரத்தம் சொன்ன."

அவன் கதவுப்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பத்து. நாளைக்கு ரெண்டு, அஞ்சு நாளைக்கு. புதன்கெழம தொடங்கி கலியாணத்து ஞாயித்துக்கெழம முடிஞ்ச. ஒன்ட உம்மா இந்த எடத்துலதான் நிண்டு அழுத. மின்ஹாட சோத்த வாசம் தெரியாம ஆக்கி ஊருக்குப் போடுறதா தம்பி எண்டு கேட்டா. நான் என்ன செய்ற, சொல்லு. என்ன வளத்த ராத்தா."

"சீனி வருத்தம் ஈக்கிறவங்களுக்கு ஸ்டீரொயிட் குடுத்தீங்களே."

"அஞ்சு நாளைக்கித்தானே. இனிப்புத் தொடப் படாதெண்டு சொல்லித்தான் குடுத்த. டொக்டர்ட துண்டில்லாமக் குடுத்த எண்டு வெளிய போனா என்ட லைசன்ஸுக்கே மோசம், மகள். ஒனக்கு வெளங்கும்தானே."

அவளுக்கு விளங்கியது. மாமாமேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் இவையெல்லாவற்றுக்கும் மேலே, மனம் நாள்களை எண்ண ஆரம்பித்திருந்தது. குளிசை முடிந்தது ஞாயிற்றுக்கிழமை. இரத்தம் எடுத்தது பன்னிரண்டு நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. கணேஸுக்கு அழைத்துக் கேட்டாள். அவன் ஐந்து நிமிடத்தில் திரும்ப அழைத்தான்.

"ரெண்டு மூணு கட்டுரையில பாத்தேன் அக்கா. அஞ்சு நாள் சாப்புட்டு நிறுத்துனா, ஒரு வாரத்துக்குள்ள இயோசினோபில் திரும்பி வந்துரும்னு போட்டிருக்கு. பன்னெண்டாம் நாள் அரை வீதத்துல இருக்காது."

போனை வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தாள். "பத்துக்குப் பொறகு?"

"வல்லாஹி, பத்துதான். திரும்பி வந்து கேட்டா. நான் முடியாதெண்டுட்டன். அதுக்குப் பொறகு ராத்தா என்னோட மொகம் குடுத்துப் பேசவும் இல்ல. வேணுமெண்டா மின்ஹாட உம்மாட்டக் கேளு."

அவன் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்கிற முகம் அதுவல்ல. அப்படியானால் உம்மாவின் இரத்தத்தில் நின்றது வேறு யாரோ கொடுத்த குளிசை.

வீட்டுக்குள் நுழையும்போதே வறுத்த கொத்தமல்லியின் வாசம் வந்தது. ரபீகா பதினான்காம் திகதிக்கான மசாலாத்தூளுக்கு இன்றே வறுக்கத் தொடங்கியிருந்தாள். வியாழக்கிழமை ஒப்பரேஷன் என்றால் அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு அடுப்படிக்கு வர விடமாட்டார்கள் என்று அவளுக்கு ஒரு அவசரம்.

இன்ஷிரா அடுப்படி வாசலில் சத்தமில்லாமல் நின்றாள். ரபீகா சட்டியில் பெருஞ்சீரகம் போட்டுக் கிண்டினாள். கண் ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ இருந்தது. திடீரென்று சட்டியைப் பார்க்காமலே கையை நீட்டி அடுப்பைக் குறைத்தாள். பெருஞ்சீரகம் சிவந்து, கருகுவதற்கு ஒரு மூச்சு முன்னால்.

"உம்மா, என்ன மருந்து எடுக்கிறீங்க?"

ரபீகா திரும்பினாள். "மருந்தா? சீனிக்குத் தாறது மட்டும்தான். வேற மருந்து நான் எடுக்கல்லயே."

"மாமாட்டப் போய்ட்டுத்தான் வாறன்."

"அது மருந்தா மகள்? தம்பி தந்த. டொக்டர் எழுதித் தந்தாத்தானே மருந்து எண்டு சொல்ற." இதைச் சொல்லும்போது அவள் நடிக்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் நிஸாம் தருவது சீனி, தேயிலை, சவுக்காரம் மாதிரி ஒரு வீட்டுச் சாமான். பஸ்ஸில் வைத்து இன்ஷிரா கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்குமோ என்னவோ.

"அது பத்து. பத்தும் முடிஞ்சி மூணு கெழம. இண்டைக்குக் காலையில எத்தின எடுத்தீங்க?"

ரபீகா அடுப்பை அணைத்தாள். சீலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். பொய் சொல்ல நினைத்தவள்போல் ஒரு தரம் வாயைத் திறந்தாள். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு."

"ஒவ்வொரு நாளும்?"

"ஒவ்வொரு நாளும்."

"அதுதான் ராவைக்கு மூணு தரம் எழும்பித் தண்ணி குடிக்கிறீங்க. சீனி பாத்தீங்களா?"

"பாக்கல்ல. பாத்தா நீ கேப்பாய்."

இன்ஷிராவுக்குக் கோபம் தலைக்கேறியது. உம்மா மேல், மாமா மேல், யாரென்று தெரியாத அந்த மூன்றாவது ஆள் மேல். ஏதாவது கடுமையாகச் சொல்லிவிடுவோம் என்று பயந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாள். அந்த இடைவெளியில் ரபீகாவே பேசினாள்.

"மூணு வருஷம் நான் சட்டிக்கு முன்னால நடிச்சன் மகள். ஒனக்குத் தெரியா. கிண்டுற ரெண்டு பேர்ட மொகத்தையும் பாத்துக்கொண்டே நிப்பன். அவங்க மூக்கச் சுளிச்சா அடுப்பக் கொறப்பன். தலைய ஆட்டினா நெய் ஊத்துவன். ஆளுகள் ரபீகாட கைமணம் எண்டு சொல்லுவாங்க. எனக்குள்ள வெக்கமா ஈக்கும். தம்பி தந்ததக் குடிச்சி மூணாம் நாள், சுபஹு தொழுதுட்டு வெளிய வாறன், கொடியில ஒன்ட உடுப்பு காயுது. சவுக்கார வாசம். நான் அந்த உடுப்புகளுக்கு நடுவுல போய் நிண்டன். எவ்வளவு நேரம் நிண்டெண்டு தெரியா. அதத் திரும்பிக் குடுத்துட்டு ஈக்க எனக்கு ஏலாமப் போச்சு."

இன்ஷிரா போய் உம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அடக்கவில்லை. அழுதுகொண்டே சொல்லவேண்டியதையும் சொன்னாள்.

"அந்தக் குளிசை ஒங்கட ரத்தத்த மறைச்சிட்டு உம்மா. பதினொண்டு எண்டது பிழை. குளிசை இல்லாம நீங்க போயிருந்தா எண்பத்தாறு. இப்ப டொக்டர் லேசான ரகம் எண்டு நெனச்சிக் கொஞ்சமா வெட்டுவார். ஒரு வருஷத்துல திரும்ப வளரும். மூணாம் தரம். மயக்க மருந்து குடுக்கிறவருக்கும் நீங்க ஸ்டீரொயிட் எடுக்கிறது தெரியாது. அது ஆபத்து."

"வியாழக்கெழம முடியட்டும். முடிஞ்சாப் பொறகு சொல்லுவம்."

"முடிஞ்சாப் பொறகு சொல்லி என்ன பிரயோசனம்?"

"ஒம்பது மாசம் நிண்டு கெடச்ச திகதி இது. இப்பச் சொன்னா திகதியும் போகும், குளிசையும் போகும். பதினாலாந் திகதி ஒன்ட சோத்துக்கு முன்னால நான் மரக்கட்ட மாதிரி நிக்கிறதா?"

ரபீகாவின் குரல் அந்த இடத்தில் உடைந்தது. இதுதான் விஷயம். ஊர்ப்பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு வாசம் தெரியாமலே சமைத்துப் போட்டாள். சொந்தப் பிள்ளையின் கலியாணத்துக்கு மட்டுமாவது தெரிந்து சமைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இந்த ஆசையைப் பிழை என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

இன்ஷிரா, ஒப்பரேஷன் செய்யப்போகும் டொக்டர் விஜேகோனின் இலக்கத்தை எடுத்து, போனை மேசைமேல் வைத்தாள். "நான் ஒங்களக் கேக்காமலே படிவத்தில மருந்து இல்ல எண்டு எழுதினன். மொதல் பொய் என்ட கையாலதான். இன்னொரு தரம் ஒங்களக் கேக்காம நான் ஒண்டும் செய்ய மாட்டன். நீங்கதான் பேசணும்."

ரபீகா போனைத் தொடவில்லை. எதிர்பாராத ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த மெஷினுக்கு என்ட மூக்குக்குள்ள தெரியுமா?"

"படம் தெரியும். ரத்தம் தெரியும். நாம சொன்ன பதில் தெரியும். வேற ஒண்டும் தெரியாது."

"அப்ப நான் அந்த ரெண்டு பேர்ட மொகத்தப் பாத்து அடுப்பக் கொறச்ச மாதிரித்தான் அதுவும். அவங்க சும்மா எனக்காகச் சிரிச்சிக்கொண்டு நிண்டிருந்தா..." ரபீகா நிறுத்தினாள். "சோறு அடிப்பிடிச்சீக்கும்."

அதற்கு மேல் அவளுக்கு யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை. போனை எடுத்தாள்.

டொக்டர் விஜேகோனோடு ரபீகா சிங்களத்தில்தான் பேசுவாள். கலியாணச் சமையலில் பழகிய சிங்களம், சரளமாக வரும். தம்பியின் பெயரைச் சொல்லவில்லை. குளிசை எடுத்தேன், இத்தனை நாளாக, ஒரு நாளைக்கு இரண்டு, இன்று காலையிலும் எடுத்தேன் என்று வரிசையாகச் சொன்னாள். டொக்டர் ஏசவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, "வாசம் வந்ததா?"

"வந்தது டொக்டர். நன்றாக வந்தது."

"எத்தனையாம் நாளில்?"

"மூன்றாம் நாள்."

"ஸ்டீரொயிடுக்கு இவ்வளவு வேகமாகத் திறக்கிற மூக்கு என்றால், அதுவே எனக்கு ஒரு தகவல். அந்தப் பிடிவாத ரகம் அப்படித்தான் நடந்துகொள்ளும். நீங்கள் சொல்லாமல் வியாழக்கிழமை நான் வெட்டியிருந்தால், வெட்டி எடுத்த சதையிலும் இந்தக் குளிசை எல்லாவற்றையும் மறைத்திருக்கும். நானும் ஏமாந்திருப்பேன்."

பிறகு அவர் சொன்னதை இன்ஷிரா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். குளிசையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நாளைக் காலையில் மிச்சக் குளிசையோடு வந்து சீனியும் பார்த்து, அவர் சொல்லும் கணக்கில் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். கடைசிக் குளிசைக்கு ஒரு மாதம் கழித்து மறுபடி இரத்தம். வியாழக்கிழமை ஒப்பரேஷன் இல்லை. அடுத்த திகதி எப்போது என்று இப்போது சொல்ல முடியாது.

"வாசம் போய்விடுமா டொக்டர்?"

"கொஞ்ச நாளைக்குப் போகும். சரியான ஒப்பரேஷனுக்குப் பிறகு திரும்பி வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. உறுதி தர மாட்டேன்."

ரபீகா மகளின் முகத்தைப் பார்த்தாள். பதினான்காம் திகதியைப் பற்றி டொக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சரி டொக்டர், நாளைக்கு வருகிறேன்," என்று போனை வைத்தாள்.

பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னது.

"மண்டபத்துல ஒன்ட சோத்துக்குப் பக்கத்துல நிக்க ஆள் தேடணும்," என்றாள் ரபீகா கடைசியில். "பொய் சொல்லாத மூக்குள்ள ஆளாப் பாக்கணும்."

"நான் நிக்கிறன்."

"கலியாணப் பொண்ணு கிடாரத்துக்குப் பக்கத்துல நிக்கிறதா? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

ரபீகாவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, மடித்த சீலைகளுக்கு அடியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து வந்தாள். உள்ளே முழுதாக மூன்று குளிசை அட்டைகள் இருந்தன. பதினான்காம் திகதிக்கும் அதற்கு அப்பாலும் போதுமான அளவு. தெரியாமல் ஒரு தரம் வாங்கிய அளவு அல்ல, நாள் கணக்குப் பார்த்து யாரோ கொடுத்த அளவு.

"இது ஆர் தந்த உம்மா?"

"சொல்ற இல்லையெண்டு வாக்குக் குடுத்தீக்கி."

"நாளைக்கு டொக்டர் கேப்பாரே."

"டொக்டர் கேட்டா எனக்குத் தெரியாதெண்டு சொல்லுவன். அல்லாஹ் மன்னிக்கட்டும்." ரபீகா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆனா ஒனக்குச் சொல்லாம வெக்கிறது பாவம். காலம் முழுக்க நீதான் அவரோட வாழப்போற. நல்லதெண்டு நெனச்சித்தான் தந்தார் மகள். மாமிக்கு ஆசையெண்டு நான் அழுதன், அவர் தந்தார்."

இன்ஷிராவுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். கொடியில் உடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. ஸைத் முதல் மணியிலேயே எடுத்தான்.

என்ன கேட்பது, எதிலிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மாமி சொல்லிட்டாவா?" என்றான் அவன்.